பொது டி.என்.எஸ். சேவை

பொது டி.என்.எஸ். சேவை என்பது, இணையச் சேவை வழங்குனர் தரும் பெயர் வழங்கிக்குப் பதிலாக எந்தப் பயனரும் பயன்படுத்தக்கூடிய வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ள ஆள்களப் பெயர்ச் சேவை ஆகும். உலாவியில் தட்டச்சு செய்யப்படும் இணையத்தளப் பெயரை, கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணப் பயன்படுத்தும் ஐ.பி. முகவரியாக மாற்றித் தருவதே இதன் பணி. புதிய இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது முதலில் நடைபெறுவது இப்பெயர் மாற்றமே என்பதால், இதில் ஏற்படும் தாமதம் உலாவல் முழுவதையும் மந்தமாகக் காட்டும். ஆகவே விரைவான சேவையைத் தெரிவு செய்வது, உலாவலை மேம்படுத்துவதற்கான செலவில்லாத வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் இதனால் கிடைக்கும் பயனுக்கு எல்லை உண்டு. மேலும், பயனர் செல்லும் தளங்களின் பெயர்கள் அச்சேவையை நடத்தும் நிறுவனத்துக்குத் தெரியவரும் என்பதால், இது வேகத்தை மட்டுமன்றி நம்பிக்கையையும் சார்ந்த தெரிவாகும்.

வரலாறு

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே உரைக்கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பேணி வந்த அக்கோப்பை ஏனைய கணினிகள் அவ்வப்போது பதிவிறக்கிக் கொண்டன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. இதற்கு மாற்றாகப் பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டு ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். 1987இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1034, ஆர்.எஃப்.சி. 1035 ஆகிய ஆவணங்கள் இன்றும் அதன் அடிப்படையாக விளங்குகின்றன.

நீண்ட காலம் வரை பயனர்கள் தத்தம் சேவை வழங்குனரின் பெயர் வழங்கிகளையே பயன்படுத்தினர். லெவல் 3 நிறுவனத்தின் 4.2.2.2 என்னும் முகவரி, பொதுச் சேவையாக அறிவிக்கப்படாத போதும், நினைவில் நிற்கும் எண் என்பதால் வலையமைப்பு நிருவாகிகளிடையே பரவலாகப் புழங்கியது. 2006இல் டேவிட் உலெவிட்ச் தொடங்கிய ஓப்பன் டி.என்.எஸ்., பொதுமக்களை நோக்கி அறிவிக்கப்பட்ட முன்னோடிச் சேவைகளுள் ஒன்று. 2009 டிசம்பரில் கூகிள் தனது பொது டி.என்.எஸ். சேவையை வெளியிட்ட பின்னரே இக்கருத்து பெருமளவில் பரவியது. 2017 நவம்பரில் குவாட்9 சேவையும், 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சேவையும் தொடங்கப்பட்டன.

செயற்படும் முறை

பெயர் தேடலில் இருவகை வழங்கிகள் பங்கு கொள்கின்றன. ஓர் ஆள்களத்தின் முகவரிகளைத் தன்னிடம் வைத்திருப்பது அதிகாரபூர்வ பெயர் வழங்கி. பயனரின் சார்பில் தேடி விடை பெற்றுத் தருவது ரிசால்வர். பயனர் மாற்றிக் கொள்ளக்கூடியது ரிசால்வரை மட்டுமே. அதிகாரபூர்வ வழங்கியைத் தெரிவு செய்வது அந்தந்தத் தளத்தின் உரிமையாளர் ஆவார்.

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை ஒருவர் உலாவியில் இடுவதாகக் கொள்வோம். அப்போது நிகழ்வன வருமாறு:

1. உலாவியும் இயங்குதளமும் அண்மையில் பெற்ற விடை ஏதும் தம்மிடம் உள்ளதா எனப் பார்க்கின்றன. இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.
2. இல்லையெனில் வினா ரிசால்வருக்கு அனுப்பப்படுகிறது. அதன் தற்காலிகச் சேமிப்பில் விடை இருந்தால் உடனே திருப்பி அனுப்பப்படும்.
3. அங்கும் இல்லையெனில் ரிசால்வர் வேர் வழங்கி ஒன்றை வினவுகிறது. அது '.ஆர்க்' மேல்நிலை ஆள்களத்தின் வழங்கிகளைச் சுட்டுகிறது.
4. '.ஆர்க்' வழங்கி, விக்கிப்பீடியாவின் அதிகாரபூர்வ வழங்கிகளைச் சுட்டுகிறது.
5. அதிகாரபூர்வ வழங்கி ஐ.பி. முகவரியைத் தருகிறது. ரிசால்வர் அதனைத் தன் சேமிப்பில் இட்டுக்கொண்டு பயனருக்கு அனுப்புகிறது.

ஒவ்வொரு விடையுடனும் அது எத்தனை நொடிகளுக்குச் செல்லும் என்ற ஆயுட்காலமும் சேர்ந்து வரும். '.காம்' ஆள்களப் பெயர் ஒன்றின் வழங்கிகளைச் சுட்டும் விடையின் ஆயுட்காலம் 1,72,800 நொடிகள், அதாவது இரண்டு நாட்கள். ஆனால் பெரிய தளங்கள் பல, போக்குவரத்தை விரைவாகத் திசைதிருப்பும் வசதிக்காகத் தம் முகவரிகளுக்கு 60 அல்லது 300 நொடி ஆயுட்காலமே தருகின்றன. இதனால் அவற்றின் பெயர்கள் மீண்டும் மீண்டும் தேடப்பட வேண்டியுள்ளது.

'.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' போன்ற தமிழ் மேல்நிலை ஆள்களப் பெயர்களும் இதே வழியில்தான் தேடப்படுகின்றன. வினா அனுப்பப்படும் முன் தமிழ் எழுத்துகள் பியூனிகோடு முறையில் இலத்தீன் எழுத்து வரிசையாக மாற்றப்படுவதால், ரிசால்வருக்கு இவை ஏனைய பெயர்களிலிருந்து வேறுபட்டவை அல்ல.

வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

தொலைவு: ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆகவே ஒரு வினா சென்று விடை திரும்பக் குறைந்தது 29 மில்லிநொடி ஆகும். எவ்வளவு திறன்மிக்க கணினியை நிறுவினாலும் இதனைக் குறைக்க இயலாது. பொதுச் சேவைகள் இதற்காக எனிகாஸ்ட் என்னும் முறையைக் கையாள்கின்றன. ஒரே ஐ.பி. முகவரி உலகின் பல நகரங்களிலிருந்து அறிவிக்கப்பட்டு, பயனரின் வினா வழிச்செலுத்தல் விதிகளின்படி அவற்றுள் ஒன்றை அடைகிறது. அது எப்போதும் புவியியலில் அருகில் உள்ளதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சேவை வழங்குனர்களுக்கிடையேயான இணைப்பு ஒப்பந்தங்களைப் பொறுத்து, அடுத்த தெருவில் உள்ள வழங்கியை விட்டுவிட்டு வினா வேறொரு நாட்டுக்குச் செல்வதும் உண்டு.

தற்காலிகச் சேமிப்பு: பயனர் மிகுந்த ரிசால்வரில் வேறொருவர் கேட்ட பெயரின் விடை முன்பே இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மிகப் பெரிய சேவைகளில் சுமை பல வழங்கிகளுக்குப் பகிரப்படுவதால் சேமிப்பும் துண்டுபடும். இதனால் ஒரு வழங்கியிடம் உள்ள விடை அடுத்த வழங்கியிடம் இல்லாமற் போகலாம்.

பொதி இழப்பு: டி.என்.எஸ். வினாக்கள் மரபாக யு.டி.பி. நெறிமுறையில் 53ஆம் துறை வழியே செல்கின்றன. இந்நெறிமுறையில் தொலைந்த பொதியைத் தானே மீண்டும் அனுப்பும் ஏற்பாடு இல்லை. விடை வரவில்லையெனில் கேட்ட கணினியே காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாகப் பயன்படும் ஜிலிப்சி நூலகம் இதற்காக இயல்பிருப்பில் 5 நொடி காத்திருக்கிறது.

இக்கடைசிக் காரணியே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 'அ' என்னும் ரிசால்வர் 12 மில்லிநொடியில் விடை தருகிறது, ஆனால் நூறு வினாக்களில் இரண்டு தொலைகின்றன எனக் கொள்வோம். 'ஆ' என்னும் ரிசால்வர் 25 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது, எதுவும் தொலைவதில்லை. 'அ'வில் நூறு வினாக்களுக்கு ஆகும் மொத்த நேரம் 98 × 12 + 2 × 5,012 = 11,200 மில்லிநொடி; சராசரி 112 மில்லிநொடி. 'ஆ'வில் சராசரி 25 மில்லிநொடி மட்டுமே. வேகமானது எனத் தோன்றும் 'அ', உண்மையில் நான்கு மடங்குக்கும் மேல் மெதுவானது. அவ்வப்போது ஒரு பக்கம் காரணமின்றிச் சில நொடிகள் நின்றுவிட்டுப் பின் திறப்பது பல நேரங்களில் இவ்வகை இழப்பின் விளைவே.

உலாவலில் உண்மையான பயன்

இன்றைய இணையப் பக்கம் ஒன்று, படங்கள், நிரல்கள், விளம்பரங்கள் ஆகியவற்றைப் பல வேறு ஆள்களங்களிலிருந்து பெறுகிறது. ஆயினும் அத்தனை பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடப்படுவதில்லை. உலாவிகள் பல வினாக்களை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. சில பெயர்களை முன்கூட்டியே தேடியும் வைக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒன்றையொன்று சார்ந்த தேடல்கள் மூன்று கட்டங்களாக அமைந்து, ஒவ்வொன்றும் 40 மில்லிநொடியிலிருந்து 10 மில்லிநொடியாகக் குறைந்தால், மிச்சப்படுவது 90 மில்லிநொடி ஆகும். இது உணரத்தக்க மாற்றமே. ஆனால் சேமிப்பில் உள்ள விடைகளின் ஆயுட்காலம் முடியும் முன் அதே பக்கத்தைத் திறந்தால் மிச்சம் ஏதுமில்லை.

டி.என்.எஸ். சேவையை மாற்றுவதால் இணைப்பின் பதிவிறக்க வேகம் கூடும் என்பது பரவலான தவறான எண்ணம். 700 மெகாபைட் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது பெயர் தேடல் தொடக்கத்தில் ஒரு முறை நிகழ்கிறது. அதன் பின்னர் கோப்பு வந்து சேரும் வேகத்துக்கும் ரிசால்வருக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

மறைமுகத் தொடர்பு ஒன்று உண்டு. அது எதிர்த்திசையிலும் செயற்படக்கூடும். அகாமாய் போன்ற உள்ளடக்க விநியோக வலையமைப்புகள், ஒரே கோப்பின் படிகளைப் பல நகரங்களில் வைத்துக்கொண்டு, வினா வரும் இடத்தைப் பார்த்து அதற்கு அருகிலுள்ள வழங்கியின் முகவரியை விடையாகத் தருகின்றன. அவை காண்பது பயனரின் முகவரியை அன்று, ரிசால்வரின் முகவரியை. ரிசால்வர் வேறு நாட்டில் இருந்தால் அந்நாட்டு வழங்கியே சுட்டப்படும். அப்போது பெயர் தேடல் விரைவாக முடிந்தாலும், நிகழ்படம் தொலைவிலிருந்து வந்து தடுமாறும்.

இக்குறையை நீக்க, பயனர் முகவரியின் ஒரு பகுதியை வினாவுடன் சேர்த்து அனுப்பும் முறை உருவாக்கப்பட்டு, 2016இல் ஆர்.எஃப்.சி. 7871 ஆக வெளியிடப்பட்டது. ஐ.பி. பதிப்பு 4இல் முகவரியின் முதல் 24 பிட்டுகள் வரை அனுப்பப்படுவது வழக்கம். கூகிள் இம்முறையை ஆதரிக்கிறது. கிளவுட்ஃபிளேர், பயனரின் தனியுரிமையைக் காரணம் காட்டி இதனைத் தவிர்க்கிறது. குவாட்9 தனது முதன்மை முகவரியான 9.9.9.9இல் தவிர்த்து, 9.9.9.11இல் அனுமதிக்கிறது.

குறிப்பிடத்தக்க சேவைகள்

ஓப்பன் டி.என்.எஸ்.: முகவரிகள் 208.67.222.222, 208.67.220.220. 2015இல் சிஸ்கோ நிறுவனம் இதனை வாங்கியது. இல்லாத பெயர்களை வினவினால் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் தொடக்கத்தில் இதற்கு இருந்தது. 2014இல் அது கைவிடப்பட்டது. குடும்பப் பயன்பாட்டுக்கான வடிகட்டல் வசதி கொண்டது.

கூகிள் பொது டி.என்.எஸ்.: முகவரிகள் 8.8.8.8, 8.8.4.4. தளங்களை வடிகட்டும் வசதி தரப்படுவதில்லை. 2013 முதல் டி.என்.எஸ்.செக் கையொப்பங்களைச் சரிபார்க்கிறது. முழு ஐ.பி. முகவரி கொண்ட தற்காலிகப் பதிவுகள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நீக்கப்படும் என்பது இதன் அறிவிப்பு.

குவாட்9: முகவரிகள் 9.9.9.9, 149.112.112.112. ஐ.பி.எம்., பாக்கெட் கிளியரிங் ஹவுஸ், குளோபல் சைபர் அலையன்ஸ் ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற சேவை. தீங்கு விளைவிக்கும் தளங்களின் பெயர்களுக்கு விடை தர மறுக்கிறது. 2021இல் தன் தலைமையகத்தைச் சுவிட்சர்லாந்துக்கு மாற்றியது.

கிளவுட்ஃபிளேர்: முகவரிகள் 1.1.1.1, 1.0.0.1. ஆசிய பசிபிக் முகவரிப் பதிவகமான ஏப்நிக் இம்முகவரிகளை ஆய்வுக் கூட்டுறவின் அடிப்படையில் வழங்கியது. 2020 முதல் தீநிரல் தடுப்புக்கு 1.1.1.2, அதனுடன் வயது வந்தோர் தளங்களையும் தடுக்க 1.1.1.3 என்னும் முகவரிகளும் உள்ளன.

அளவிடும் முறைகள்

எச்சேவை விரைவானது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. ஒரே ஊரில் இரு வேறு நிறுவனங்களின் இணைப்பு பெற்ற இரு வீடுகளில் இரு வேறு முடிவுகள் கிடைக்கலாம். எனவே அளவீடு பயனரின் இணைப்பிலிருந்தே செய்யப்பட வேண்டும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 'டிக்' என்னும் கட்டளை, வினவப்பட்ட வழங்கி விடை தர எடுத்துக்கொண்ட நேரத்தை மில்லிநொடியில் காட்டும். 2009இல் கூகிள் பொறியாளர் தாமஸ் ஸ்ட்ரோம்பெர்க் உருவாக்கிய நேம்பெஞ்ச் என்னும் திறந்த மூல மென்பொருள், பயனரின் உலாவி வரலாற்றிலிருந்தே பெயர்களை எடுத்துச் சோதிக்கும் முறையைப் பரவலாக்கியது. ஸ்டீவ் கிப்சனின் டி.என்.எஸ். பெஞ்ச்மார்க், சேமிப்பில் உள்ள பெயர்களுக்கும் இல்லாத பெயர்களுக்குமான நேரத்தைத் தனித்தனியே காட்டுகிறது.

நம்பத்தக்க அளவீட்டுக்குப் பின்வருவன கருத்திற் கொள்ளத்தக்கவை:

* பிங் கட்டளையின் நேரம் தொலைவை மட்டுமே காட்டும். பெயர் தேடும் நேரத்தைக் காட்டாது.
* ஒரே பெயரை இரண்டாம் முறை வினவும்போது கிடைப்பது சேமிப்பின் வேகம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்குமான நேரங்களைத் தனியே குறித்தல் வேண்டும்.
* காலை, மாலை, நெரிசல் மிகுந்த இரவு என வெவ்வேறு வேளைகளில் சோதிக்க வேண்டும்.
* இடைநிலை அளவுடன், தொலைந்த வினாக்களின் எண்ணிக்கையையும் மிக மோசமான நேரங்களையும் ஒப்பிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 'அ'வின் இடைநிலை அளவு 12 மில்லிநொடியே. அதன் குறை அங்கே தெரிவதில்லை.
* ஒப்பீட்டில் தற்போதுள்ள சேவை வழங்குனரின் ரிசால்வரையும் சேர்க்க வேண்டும். நன்கு பேணப்படும் ரிசால்வர், வலையமைப்பில் மிக அருகில் இருப்பதால், பொதுச் சேவைகளை வெல்வது அரிதன்று.
* எல்லாச் சேவைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தைக் காட்டினால், 53ஆம் துறை வழியே செல்லும் வினாக்களைச் சேவை வழங்குனர் இடைமறித்துத் தம் வழங்கிக்கே திருப்புகிறார் என ஐயுறலாம்.

அமைப்பை மாற்றுதல்

மாற்றத்தை ஒரு கணினியில் மட்டும் செய்யலாம். ரவுட்டரில் செய்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். வின்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் வலையமைப்பு அமைப்புகளில் டி.என்.எஸ். முகவரிக்கான இடம் உண்டு. 2018இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல் 'தனியார் டி.என்.எஸ்.' என்னும் அமைப்பு தரப்பட்டுள்ளது. மாற்றும் முன் பழைய முகவரிகளைக் குறித்து வைத்தல் நலம். மாற்றிய பின் பழைய விடைகளைத் தற்காலிகச் சேமிப்பிலிருந்து நீக்க வேண்டும்.

கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றின் உள் வலையமைப்பில் மட்டும் செல்லும் பெயர்களைப் பொது ரிசால்வர்கள் அறியா. விடுதிகள், தொடர்வண்டி நிலையங்கள் முதலிய இடங்களில் கம்பியில்லா இணைப்புக்கு முன் தோன்றும் நுழைவுப் பக்கமும் தோன்றாமற் போகலாம். இத்தகைய இடங்களில் அவ்வலையமைப்பு தரும் முகவரியையே பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பும் தனியுரிமையும்

2008 ஜூலையில் டான் கமின்ஸ்கி வெளிப்படுத்திய குறைபாடு, பொய்யான விடைகளை ரிசால்வரின் சேமிப்பில் புகுத்த முடியும் என்பதைக் காட்டியது. வங்கித் தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தவரும் போலித் தளத்துக்கு இட்டுச் செல்லப்படும் நிலை இதனால் ஏற்படலாம். உலகெங்கும் மென்பொருட்கள் திருத்தப்பட்டன. 2010 ஜூலையில் வேர் ஆள்களம் டி.என்.எஸ்.செக் முறையில் கையொப்பமிடப்பட்டது. கையொப்பத்தைச் சரிபார்க்காத ரிசால்வர் எவ்வளவு விரைவானதாயினும் இப்பாதுகாப்பைத் தராது.

மரபான டி.என்.எஸ். வினாக்கள் மறையாக்கம் செய்யப்படாமல் செல்வதால், வழியில் உள்ள எவரும் அவற்றைப் படிக்கவும் மாற்றவும் முடியும். 2014 மார்ச்சில் துருக்கியில் டுவிட்டர் தடை செய்யப்பட்டபோது மக்கள் 8.8.8.8 என்னும் முகவரியைச் சுவர்களில் எழுதிப் பரப்பினர். அடுத்த சில நாட்களில் அந்நாட்டுச் சேவை வழங்குனர்கள் அம்முகவரிக்கான வழியையே கைப்பற்றித் தம் வழங்கிகளுக்குத் திருப்பினர். வினாக்களை மறையாக்கம் செய்யும் இரு முறைகள் பின்னர் தரப்படுத்தப்பட்டன: டி.எல்.எஸ். வழியான டி.என்.எஸ். 2016இலும், எச்.டி.டி.பி.எஸ். வழியான டி.என்.எஸ். 2018இலும் வெளியாயின. முதல் இணைப்பை ஏற்படுத்த இவற்றுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. ஒரே இணைப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவதால் அது பெரும்பாலும் ஈடுசெய்யப்படுகிறது.

மறையாக்கம் வழியில் நிற்போரிடமிருந்தே காக்கும். ரிசால்வரை நடத்துபவரிடமிருந்து காக்காது. ஒருவர் எந்த நோயைப் பற்றிப் படிக்கிறார், எந்தச் செய்தித்தளத்தை நாடுகிறார், எங்கே வேலை தேடுகிறார் என்பவற்றைத் தளப் பெயர்களின் பட்டியலிலிருந்தே ஊகிக்க இயலும். மேலும், தளத்தின் ஐ.பி. முகவரி இணையச் சேவை வழங்குனருக்குத் தெரிந்தே இருக்கும் என்பதால், பொதுச் சேவைக்கு மாறுவோர் தம்மைப் பற்றி அறிவோரின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொள்வதும் உண்டு.

விமரிசனங்கள்

உலகின் பெயர் தேடல் ஒரு சில நிறுவனங்களிடம் குவிவது, பரவலாக்கப்பட்ட முறைமையாக உருவான டி.என்.எஸ்.ஸின் இயல்புக்கு மாறானது என்பது முதன்மையான விமரிசனம். 2025 ஜூலை 14 அன்று அமைப்புப் பிழை ஒன்றால் 1.1.1.1 சேவை 62 நிமிடங்கள் செயலிழந்தபோது, அதனை மட்டுமே நம்பியிருந்தோருக்கு இணையமே நின்றுவிட்டதாகத் தோன்றியது. சட்டச் சூழலும் சேவையைப் பாதிக்கக்கூடும். விளையாட்டு ஒளிபரப்பைத் திருட்டுத்தனமாக வழங்கும் தளங்களைத் தடுக்குமாறு பிரெஞ்சு நீதிமன்றம் ஆணையிட்டதை அடுத்து, 2024 ஜூனில் ஓப்பன் டி.என்.எஸ். பிரான்சில் தன் சேவையை நிறுத்தியது.

எந்த ரிசால்வராலும் தீர்க்க முடியாத தடங்கல்களும் உள்ளன. 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழங்கிகள் தாக்கப்பட்டபோதும், 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் பெயர் வழங்கிகளுக்கான வழிகளைத் தவறுதலாக இழந்தபோதும், ரிசால்வரை மாற்றுவது பெரும்பாலும் பயன் தரவில்லை.

தெரிவுக்கான வரையறைகள்

முதலில் பொதி இழப்பும் செயலிழப்பும் குறைந்த சேவைகளைத் தேர்ந்தெடுத்தல், அவற்றுள் டி.என்.எஸ்.செக் சரிபார்ப்பும் மறையாக்கமும் உள்ளவற்றைக் கொள்ளுதல், பதிவுகளைக் கையாளும் கொள்கையைப் படித்தல், இறுதியாக இடைநிலை வேகத்தை ஒப்பிடுதல் என்னும் வரிசை பொருத்தமானது. ஐந்து மில்லிநொடிக்கும் குறைவான வேறுபாட்டைப் பயனர் உணரப் போவதில்லை. முதன்மை முகவரியாக ஒரு நிறுவனத்தையும் இரண்டாம் முகவரியாக வேறொரு நிறுவனத்தையும் அமைத்தால் ஒன்று செயலிழக்கும்போது மற்றது உதவும். ஆனால் பல இயங்குதளங்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதால், வடிகட்டல் வசதிக்காக ஒரு சேவையைத் தெரிவு செய்தவர்கள் இரு முகவரிகளையும் அதே சேவையிலிருந்தே எடுத்தல் வேண்டும்.